பென்சிலோடு தத்துவம் படிப்பது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு

தத்துவ நூல் ஒன்றை ஆசையாக எடுத்து, பத்துப் பக்கம் படித்து, பதினோராவது பக்கத்தில் "இவர் இதை எதற்காகச் சொல்ல ஆரம்பித்தார்?" என்று மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து படித்து, மூன்றாம் முறை மூடி வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டம்தான். ஒரு பழைய உரையாடலில் வருகிற சதுரத்தை நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்குக் கொஞ்சம் வழி திறந்தது. இவர்கள் படம் போடுவது யோசித்து முடித்ததை அலங்கரிக்க என்று அதுவரை நினைத்திருந்தேன். பல பேர் அந்தக் கோடுகளை வைத்துத்தான் யோசித்தே இருக்கிறார்கள்.

கணக்கு வராது என்பவர்களும் தாராளமாக வரலாம், பள்ளிக்கூடத்தில் பார்த்த வட்டம், முக்கோணம் போதும். கோடு போடாத காகிதம், பென்சில், ரப்பர், காம்பஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வரைய வேண்டாம். கோணலான கோட்டை அதுவாகவே நேராக்கிவிடும், நமக்கோ கோடு கோணினால் என்ன ஆகிறது என்பதுதான் பாதிப் பாடம்.

போகும் வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போவோம்: இந்தப் படத்தில் எது பேசுகிறது, எது சும்மா இருக்கிறது?

முதல் படி: தரையில் போட்ட சதுரம்

பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலில் சாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனைக் கூப்பிட்டு ஒரு சதுரம் வரைகிறார். பக்கம் 2 அடி, ஆகவே பரப்பு 4 சதுர அடி. இதைப் போல இரு மடங்கு, அதாவது 8 சதுர அடியில் ஒரு சதுரம் வேண்டும், அதன் பக்கம் எவ்வளவு? பையன் சட்டென்று, பக்கத்தை இரட்டிப்பாக்கினால் போதும் என்கிறான். நீங்களும் அதையே வரையுங்கள். 4 அடிப் பக்கமுள்ள சதுரத்துக்குள் பழைய சதுரம் எத்தனை அடங்குகிறது என்று எண்ணினால் நாலு, ஆக 16 வந்துவிட்டது. அப்படியென்றால் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே 3 என்கிறான். 9 வருகிறது. நெருங்கிவிட்டான், ஆனால் தவறு தவறுதான். இதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.

அப்போது சாக்ரடீஸ் சொல்வது முக்கியம்: எண்ணிச் சொல்ல வேண்டாம் என்றால், எந்தக் கோடு என்று காட்டு.

இப்போது அந்த 16 சதுர அடிச் சதுரத்துக்குத் திரும்புங்கள். உள்ளே நாலு சிறிய சதுரங்கள் இருக்கின்றன இல்லையா, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலைவிட்டம் போடுங்கள், நாலும் சேர்ந்து நடுவில் சாய்ந்து நிற்கிற ஒரு சதுரமாக மூடும்படி. ஒவ்வொரு மூலைவிட்டமும் தன் சதுரத்தைச் சரிபாதியாக வெட்டுகிறது. நாலு பாதிகள் உள்ளே, நாலு பாதிகள் வெளியே. உள்ளே இருப்பது 8. கேட்ட சதுரம் அதுதான், அதன் பக்கம் முதல் சதுரத்தின் மூலைவிட்டம். பையன் அதில் விரல் வைத்தால் போதும்.

அந்தக் கோட்டின் நீளத்தை 'இத்தனை அடி' என்று முழு எண்ணாலும் சொல்ல முடியாது, எந்தப் பின்னத்தாலும் சொல்ல முடியாது. எண்ணிச் சொல்ல முடியாத ஒன்றைப் படம் சாதாரணமாகக் காட்டிவிட்டது. இதை வைத்துப் பிளேட்டோ, கற்பது என்பதே ஏற்கெனவே ஆன்மாவுக்குத் தெரிந்ததை நினைவுக்குக் கொண்டுவருவதுதான் என்கிற அளவுக்குப் போகிறார். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, சாக்ரடீஸின் கேள்விகளிலேயே பாதிப் பதில் ஒளிந்திருக்கிறது. ஆனால் அவரைத் தொந்தரவு செய்த விஷயம் உண்மையானது. உங்கள் காகிதத்தில் இருப்பது சரியான சதுரமே இல்லை, ஸ்கேல் வைத்து அளந்தால் நாலு பக்கமும் சமமாக வராது. அப்படியும் எல்லாச் சதுரங்களைப் பற்றியும் உறுதியாக ஒன்று தெரிந்துவிட்டது. பேசியது 'பாதியாக வெட்டுகிறது' என்ற உறவு. கோட்டின் தடிப்பு, சதுரத்தின் அளவு, கை நடுக்கம் எல்லாம் சும்மா இருந்தன.

இரண்டாம் படி: யூக்ளிட்டின் முதல் பக்கம்

யூக்ளிட்டின் 'மூலங்கள்' நூலில் முதல் தேற்றத்தை மட்டும் செய்யுங்கள். ஒரு கோடு, முனைகள் அ, ஆ. அ-வில் காம்பஸ் முனையை வைத்து ஆ வரை விரித்து ஒரு வட்டம். அதே விரிவில் ஆ-வில் வைத்து இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டுகிற இடம் இ. அ-வையும் ஆ-வையும் இ-யோடு சேர்த்தால் சமபக்க முக்கோணம் தயார்.

பக்கங்கள் சமம் என்று எப்படித் தெரிந்தது? பார்த்தால் சமமாகத்தான் தெரிகிறது என்பது பதில் ஆகாது, யூக்ளிட் அப்படிச் சொல்வதே இல்லை. ஒரே வட்டத்தின் ஆரங்கள் சமம் என்ற வரையறையிலிருந்து அதை எடுக்கிறார். சரி, இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்கின்றன என்று எப்படித் தெரிந்தது? அவர் எழுதிவைத்த எந்த விதியிலும் அது இல்லை. அங்கே அவர் படத்தைத்தான் நம்புகிறார்.

இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் பின்னங்களால் இடம் குறிக்கக்கூடிய புள்ளிகள் மட்டுமே உள்ள ஒரு தளத்தைக் கற்பனை செய்துபாருங்கள். அ-வை 0-விலும் ஆ-வை 1-லும் வைத்தால், இ-யின் உயரம் 3-இன் வர்க்கமூலத்தில் பாதி. அது பின்னம் கிடையாது. ஆக அந்தத் தளத்தில் இரண்டு வட்டங்களும் ஒன்றை ஒன்று தொடாமலே கடந்துபோய்விடும், இ என்ற புள்ளியே அங்கே இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மாதிரி ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. கணிதவியலாளர்கள் இரண்டு பேர், 1882-இல் பாஷும் 1899-இல் ஹில்பர்ட்டும், வடிவியலைப் படத்தின் தயவு இல்லாமலே நிற்கும்படி எழுதிக் காட்டினார்கள். அதன் பிறகு படம் என்றாலே சந்தேகம்தான். நிரூபணத்துக்குப் பக்கத்தில் வேண்டுமானால் நிற்கலாம், உள்ளே வரக் கூடாது.

இந்தக் கடுமை கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றும். கென் மேண்டர்ஸ் என்ற தத்துவவாதி 1995-இல் எழுதி 2008-இல் அச்சில் வந்த ஒரு கட்டுரையில் யூக்ளிட்டுக்காக அழகாக வாதாடினார். படத்தில் இரண்டு வகைச் செய்திகள் இருக்கின்றன. இரண்டு நீளங்கள் சமம், இந்தக் கோணம் செங்கோணம் என்பவை கை லேசாக நடுங்கினாலே பொய்யாகிவிடும். இந்தப் புள்ளி வட்டத்துக்குள் இருக்கிறது, இந்தக் கோடு அந்தக் கோட்டை வெட்டுகிறது என்பவை கை நடுங்கினாலும் மாறாது. யூக்ளிட் முதல் வகையை ஒருபோதும் படத்திலிருந்து எடுப்பதில்லை, இரண்டாம் வகையை மட்டுமே எடுக்கிறார். அவர் ஏமாறவில்லை, ஓர் ஒழுங்கோடுதான் படத்தைப் படித்தார். புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல விதி கிடையாது: கை நடுங்கினாலும் மாறாததை மட்டும் படத்திலிருந்து எடு.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. எந்த முக்கோணமும் இருசமபக்க முக்கோணம்தான் என்று நிரூபிக்கிற பழைய குறும்பு ஒன்று இருக்கிறது. உச்சிக்கோணத்தின் இருசமவெட்டியும் அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் முக்கோணத்துக்கு உள்ளே சந்திப்பதாக வரைந்துவிட்டால், மற்றதெல்லாம் ஒழுங்காகப் போய் அபத்தத்தில் முடியும். பக்கங்கள் சமமில்லாத ஒரு முக்கோணத்தைக் காம்பஸ் எடுத்து உண்மையாகவே கட்டிப் பாருங்கள், அந்தப் புள்ளி எப்போதும் வெளியேதான் விழும். மனசுக்குப் பிடித்த இடத்தில் புள்ளி வைத்ததுதான் தவறு. சொன்ன நிபந்தனைப்படி படத்தைக் கட்டினால் பொய் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாம் படி: வட்டங்கள், ஒரு மதில்மேல் பூனை

வடிவியல் போதும், வாக்கியங்களுக்கு வருவோம். கணிதவியலாளர் ஆய்லர் ஒரு ஜெர்மானிய இளவரசிக்குப் பாடமாக எழுதிய கடிதங்கள் 1768-இலிருந்து நூலாக வெளிவந்தன. அதில் தர்க்கத்தை வட்டங்களால் சொல்லிக்கொடுக்கிறார். 'எல்லாக் கவிதைகளும் கற்பனைகள்' என்றால் கவிதை வட்டம் கற்பனை வட்டத்துக்குள். 'எந்தக் கவிதையும் செய்தி இல்லை' என்றால் இரண்டு வட்டங்கள் தள்ளித் தள்ளி. பார்த்ததும் புரியும், வட்டம் பெரிதா சிறிதா என்பது சும்மா இருக்கிறது, உள்ளேயா வெளியேயா என்பதுதான் பேசுகிறது.

இப்போது இந்த வாதத்தை ஆய்லர் முறையில் வரையுங்கள்: எல்லாக் கவிதைகளும் கற்பனைகள், சில கற்பனைகள் பொய்கள், ஆகவே சில கவிதைகள் பொய்கள். கவிதை வட்டத்தைக் கற்பனைக்குள் போட்டுவிட்டீர்கள். பொய் வட்டம் கற்பனை வட்டத்தை எங்காவது வெட்ட வேண்டும். எங்கே? கவிதை வட்டத்தையும் சேர்த்து வெட்டும்படி போட்டால் முடிவு உண்மை போலத் தெரியும், அதைத் தொடாமல் போட்டால் பொய் போலத் தெரியும். வாக்கியங்கள் ஒன்றும் சொல்லாத இடத்தில் படம் ஏதோ ஒன்றைச் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது. நாம் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடும் என்பதுதான் படங்களின் பெரிய நோய், அவசரத்தில் வரைகிறவர் முதலில் தோன்றியதைப் போட்டுவிட்டு அதையே நிரூபணம் என்று நம்பிவிடுவார்.

1880-இல் ஜான் வென் என்ற ஆங்கிலத் தர்க்கவாதி இதற்கு மருந்து கண்டுபிடித்தார். முதலில் எதுவும் சொல்லாமல், மூன்று வட்டங்களையும் எல்லா விதத்திலும் வெட்டிக்கொள்ளும்படி போட்டுவிடு. வெளியேயும் சேர்த்து 8 அறைகள். அப்புறம் வாக்கியங்களைப் பதிவு செய். 'எல்லாக் கவிதைகளும் கற்பனைகள்' என்றால், கவிதை வட்டத்தில் கற்பனைக்கு வெளியே இருக்கிற பகுதியை நிழலடி, அங்கே ஆள் இல்லை என்று அர்த்தம். 'சில கற்பனைகள் பொய்கள்' என்றால் கற்பனையும் பொய்யும் சேரும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி (இந்தக் குறி பிறகு வந்தவர்கள் சேர்த்தது). ஆனால் அந்த இடத்தைக் கவிதை வட்டத்தின் கோடு இரண்டாகப் பிரிக்கிறது. எந்தப் பக்கம் என்று வாக்கியம் சொல்லவில்லை. ஆகவே குறியைக் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். மதில்மேல் பூனை. பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாத வரை 'சில கவிதைகள் பொய்கள்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, வாதம் செல்லாது.

வென்படத்தைப் பள்ளிப் பாடம் என்று ஒதுக்காதீர்கள், ஒரு பழைய தத்துவச் சண்டை அதற்குள் இருக்கிறது. 'தாமதமாக வருகிறவர்கள் எல்லோரும் வெளியே நிற்க வேண்டும்' என்று ஒரு பலகை. யாராவது தாமதமாக வந்திருக்கிறார்கள் என்று அது சொல்கிறதா? அரிஸ்டாட்டில் வழியில் வந்த பழைய தர்க்கத்தில் 'எல்லாம் இப்படி' என்பதிலிருந்து 'சில இப்படி' என்று இறங்கலாம். வென்படத்தில் பலகையை வரைந்தால் நிழல் மட்டும்தான் விழும், குறி எங்கேயும் வராது. இறங்க வேண்டுமென்றால் 'அப்படி ஒருவராவது இருக்கிறார்' என்று தனியாக ஒரு குறி போட வேண்டும். சொற்களில் ஒளிந்திருந்த ஓர் அனுமானத்தைப் படம் தனியாகப் பிரித்து வெளியே வைத்துவிட்டது.

நேரம் இருந்தால் நாலு வட்டங்களோடு முயன்று பாருங்கள். நாலு சொற்களுக்கு 16 அறைகள் தேவை. எப்படிப் புரட்டிப் போட்டாலும் நாலு வட்டங்கள் 14-க்கு மேல் தராது. வென் நீள்வட்டங்களுக்குப் போனது இதனால்தான். தர்க்கத்தில் எந்தக் குறையும் இல்லை, வட்டத்துக்கென்று ஒரு சொந்த நியாயம் இருக்கிறது, அது குறுக்கே வந்தது. 1994-இல் சன்-ஜூ ஷின் என்ற தத்துவவாதி விதிகளை ஒழுங்காக எழுதி, வென்படங்களும் குறியீட்டுத் தர்க்கம் போலவே பிசகாத ஒரு நிரூபண முறையாக முடியும் என்று காட்டினார். ஹில்பர்ட்டுக்குப் பிறகு வெளியே நிறுத்தப்பட்ட படம் ஒருவழியாக உள்ளே வந்தது.

நான்காம் படி: ஒன்பது கட்டங்கள்

இதெல்லாம் ஐரோப்பியர்கள் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் தர்க்கம் நடத்துகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களை போல. பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று உறுப்பு உறுப்பாக எடுத்துவைத்து, அப்புறம் எங்கெல்லாம் வாதம் வழுக்கும் என்று பெரிய பட்டியல். நேராகப் படித்தால் தலை சுற்றும், எனக்குச் சுற்றியது. அந்த மரபில் பெரிய பெயர் பௌத்த தர்க்கவாதி திக்நாகர், அவருடைய 'ஏதுச் சக்கரம்' ஒரு கட்டம் போட்டால் அடங்கிவிடும்.

மூன்றுக்கு மூன்று கட்டம் போடுங்கள். நீங்கள் நிறுவ நினைக்கிற தன்மை உள்ள மற்றப் பொருள்கள் சபக்கம், அது இல்லாத பொருள்கள் விபக்கம். நீங்கள் காட்டுகிற காரணம் சபக்கத்தில் எல்லாவற்றிலும் இருக்கலாம், எதிலும் இல்லாமல் இருக்கலாம், சிலவற்றில் மட்டும் இருக்கலாம். மேலிருந்து கீழாக அந்த மூன்று வரிசைகள். விபக்கத்திலும் அதே மூன்று, இடமிருந்து வலமாக. இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, இந்தக் காரணம் வேலை செய்யுமா என்று கேளுங்கள்.

'ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது செய்யப்படுவது, குடம் போல.' நிலையற்றவை எல்லாவற்றிலும் 'செய்யப்படுதல்' இருக்கிறது, நிலையானவை எதிலும் இல்லை. மேல் வரிசை, நடுக் கட்டம். செல்லும். 'ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது முயற்சியால் தோன்றுவது.' குடம் முயற்சியால் தோன்றுவது, மின்னல் அப்படி இல்லை, ஆனால் மின்னலும் நிலையற்றதுதான். ஆக சபக்கத்தில் சிலவற்றில் மட்டும், விபக்கத்தில் எதிலும் இல்லை. கீழ் வரிசை, நடுக் கட்டம். இதுவும் செல்லும், புதிதாகப் படிக்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். காரணம் சபக்கத்தில் எல்லாவற்றிலும் இருக்க வேண்டியதில்லை, சிலவற்றிலாவது இருந்து, இருக்கக் கூடாத இடத்தில் இல்லாமல் இருந்தால் போதும்.

ஒன்பதையும் நிரப்பினால் நடு நெடுவரிசையின் மேலும் கீழும் செல்லும், நடுக் கிடைவரிசையின் இரண்டு ஓரமும் நேர்மாறான முடிவைத் தரும், நாலு மூலையும் நட்ட நடுவும் ஒன்றும் தீர்மானிக்காது. 2, 2, 5. நட்ட நடுக் கட்டம் விசேஷம்: 'ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது காதால் கேட்கப்படுவது.' ஒலியைத் தவிர வேறு எதுவும் கேட்கப்படுவதில்லை, ஆக ஒப்பிட்டுப் பார்க்கவே ஆள் இல்லை. இந்தக் கட்டத்தை மனசில் வைத்துக்கொண்டு அந்தக் காதையை மறுபடி படித்தபோது எனக்கு அது பட்டியலாகத் தெரியவில்லை, வரைபடமாகத் தெரிந்தது.

ஐந்தாம் படி: மெய்மை அட்டவணை, சீக்கிரமாக

வாக்கியங்கள் உண்மையாகவும் பொய்யாகவும் இருக்கக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் வரிசை வரிசையாக எழுதுவதுதான் மெய்மை அட்டவணை, இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். இரண்டு வாக்கியங்கள் என்றால் 4 வரிசை, மூன்று என்றால் 8, பத்து என்றால் 1024. தத்துவவாதி விட்கென்ஸ்டைன் 1921-இல் வெளியிட்ட தன் சிறிய நூலில் இந்த அட்டவணைகளைப் போட்டிருக்கிறார். 'மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது' என்பதை எழுதி, மழை இல்லை, தரை நனைவு உண்டு என்கிற வரிசையில் விரல் வையுங்கள். இரண்டு எடுகூற்றுகளும் (வாதம் தொடங்குகிற வாக்கியங்கள்) உண்மை, முடிவு பொய். ஒரு வரிசை போதும், வாதம் உடைந்தது. இந்த மழையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பர்ஸின் முட்டைகள்

சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ் குறியீட்டுத் தர்க்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1896 வாக்கில், குறியீடுகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் படங்களாலேயே முழுத் தர்க்கத்தையும் செய்ய ஆரம்பித்தார், தன் வேலைகளிலேயே சிறந்தது அதுதான் என்று கடைசி வரை நம்பினார். எனக்கும் இந்த முழு வழியிலும் பிடித்த இடம் இது.

வெறும் காகிதம்தான் உலகம். அதில் எதை எழுதினாலும் அது உண்மை என்று சொல்வதாக அர்த்தம். பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 'இதுவும் அதுவும்'. எதையாவது சுற்றி ஒரு முட்டை போட்டால் 'இது இல்லை'. அவ்வளவுதான் மொழி. இடமா வலமா, எழுத்து பெரிதா, முட்டை கோணலா என்பதெல்லாம் சும்மா இருக்கின்றன. எத்தனை முட்டைக்குள் இருக்கிறது என்பது மட்டுமே பேசும்.

'மழை பெய்தால் தரை நனையும்' என்பதை எப்படி எழுதுவது? பெரிய முட்டை ஒன்று. அதற்குள் 'மழை', பக்கத்தில் ஒரு சின்ன முட்டை, சின்ன முட்டைக்குள் 'நனைவு'. உள்ளிருந்து படித்தால்: மழை உண்டு, நனைவு இல்லை என்கிற அந்த நிலைமை இல்லை. மெதுவாக இரண்டு முறை சொல்லிப் பாருங்கள், 'மழை பெய்தால் தரை நனையும்' என்பதும் அதுவேதான்.

இப்போது பெரிய முட்டைக்கு வெளியே 'மழை' என்று எழுதுங்கள். மழை பெய்கிறது. பர்ஸின் விதிகளில் இரண்டு மட்டும் இப்போதைக்குப் போதும். வெளியே எழுதியிருப்பது உள்ளேயும் இன்னொரு முறை எழுதியிருந்தால் உள்ளே இருப்பதை ரப்பரால் அழிக்கலாம். ஒரு முட்டைக்குள் நேராக இன்னொரு முட்டை, நடுவில் வேறு எதுவும் இல்லை என்றால் இரண்டு முட்டைகளையும் அழிக்கலாம், ஏனென்றால் இல்லை இல்லை என்பது ஆம். சரி, உள்ளே இருக்கிற 'மழை'யை அழியுங்கள். இரட்டை முட்டைக்குள் 'நனைவு' மட்டும் நிற்கிறது. இரண்டு முட்டைகளையும் அழியுங்கள். காகிதத்தில் 'நனைவு' வெளியே வந்துவிட்டது. முடிவை யாரும் எழுதவில்லை, அழித்தோம், அது வெளியே வந்தது. இவற்றைச் சிந்தனையின் நகரும் படங்கள் என்று பர்ஸ் ஏன் சொன்னார் என்பது ரப்பர் கையில் இருந்தால்தான் தெரியும்.

ஐந்தாம் படியின் தவறான வாதத்தையும் இதில் ஓட்டிப் பாருங்கள். வெளியே 'மழை'க்குப் பதில் 'நனைவு' எழுதுங்கள். அதே விதிப்படி சின்ன முட்டைக்குள் இருக்கிற 'நனைவு'வை அழிக்கலாம். அழித்தால் பெரிய முட்டைக்குள் 'மழை'யும் ஒரு காலி முட்டையும் மிஞ்சும். காலி முட்டை என்பது எப்போதும் பொய். 'மழையும் பொய்யும் சேர்ந்த நிலைமை இல்லை' என்பது எப்போதும் உண்மை, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். ஆக அந்த முட்டை எதுவுமே சொல்லாமல் கிடக்கிறது, 'மழை' உள்ளேயே மாட்டிக்கொண்டுவிட்டது. அட்டவணையில் தவறு என்று மட்டும் தெரிந்தது, இங்கே அது எப்படிச் செத்துப்போகிறது என்றே பார்க்கலாம்.

ஜெர்மானியத் தர்க்கவாதி ஃப்ரேகே 1879-இல் வேறொரு வழியில், கிளை பிரிகிற கோடுகளால் இரண்டு பரிமாணத்தில் தர்க்கத்தை எழுதினார். இடத்தை விழுங்குகிறது என்று அந்தக் காலத்திலேயே முணுமுணுத்தார்கள். முதல் மாதம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஏழாம் படி: ஒரு முழு நூலை அம்புகளால் வரைவது

இதுவரை படம் போட்டவர்களைப் பார்த்தோம். கடைசிப் படியில், படம் போடாத ஒருவருக்கு நாம் படம் போட்டுக்கொடுக்கப் போகிறோம். தத்துவவாதி ஸ்பினோசா இறந்த 1677-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த 'அறவியல்' யூக்ளிட் மாதிரியே எழுதப்பட்டது. முதல் பாகத்தில் 8 வரையறைகள், 7 மெய்கோள்கள் (நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்பவை), 36 கூற்றுகள். ஒவ்வொரு கூற்றின் கீழும், இது எதிலிருந்து வருகிறது என்று அவரே எண் போட்டுச் சொல்லிவிடுகிறார். நேராகப் படித்தால் காய்ந்த ரொட்டி. ஒரு பெரிய காகிதத்தை எடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சின்னப் பெட்டி போட்டு, எது எதைத் தாங்குகிறதோ அதற்கு அம்பு போட ஆரம்பியுங்கள்.

முதல் கூற்றுக்கு வரையறை 3, 5 இரண்டிலிருந்தும் அம்பு. இரண்டாவதற்கு வரையறை 3. மூன்றாவதற்கு மெய்கோள் 4, 5. ஐந்தாவது கூற்று, ஒரே பண்பைப் பகிர்கிற இரண்டு உள்பொருள்கள் (வேறெதையும் சாராமல் தானாக நிற்பவை) இருக்க முடியாது என்பது, 1, 4 ஆகியவற்றின் மேல் நிற்கிறது. ஆறாவது 2, 3, 5 ஆகியவற்றின் மேல். ஏழாவது ஆறாவதின் கிளைமுடிவின் (அதிலிருந்தே வருகிற துணை முடிவு) மேல். கடவுள் கட்டாயம் இருக்கிறார் என்கிற 11 ஏழாவதின் மேல். கடவுளைத் தவிர வேறு உள்பொருளே இல்லை என்கிற 14, பதினொன்றின் மேலும் நேராக ஐந்தின் மேலும்.

பதினான்கு வரை வரைந்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். பெட்டிகள் காகிதத்தில் எங்கே இருக்கின்றன என்பது சும்மா இருக்கிறது, அம்புகள் பேசுகின்றன. என்ன பேசுகின்றன? ஐந்தாம் பெட்டியை விரலால் மறைத்தால் ஆறு விழுகிறது, ஏழு விழுகிறது, பதினொன்று விழுகிறது, பதினான்கு இரண்டு வழியிலும் விழுகிறது. சாதாரணமாகப் படிக்கும்போது அது ஏதோ நடுவில் வந்த ஒரு வரி. கடவுளைப் பற்றிய கூற்றுகளில் எல்லோரும் மோதிக்கொண்டிருப்பார்கள், பாரம் தாங்கும் சுவர் இங்கே இருக்கிறது. எந்தத் தத்துவ நூலுக்கும் இதைச் செய்யலாம், ஆனால் எண் போட்டுக்கொடுக்காதவர்களிடம் அம்புகளை நாமே ஊகிக்க வேண்டிவரும், சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

பெட்டிகளில் எல்லாவற்றுக்கும் மேலே அம்பே வராமல் நிற்கிறவை வரையறைகளும் மெய்கோள்களும். ஒரு நூற்றாண்டு கழித்துக் காண்ட் இதைத்தான் குத்திக்காட்டினார்: கணிதத்தில் வரையறை முதலில் வரலாம், அங்கே நாமே பொருளைக் கட்டுகிறோம். தத்துவத்தில் ஒழுங்கான வரையறை வேலையின் கடைசியில்தான் கிடைக்கும். கணித உடை போட்டுக்கொண்டதால் மட்டும் உறுதி வந்துவிடாது என்பது எனக்கும் சரியாகப்படுகிறது, ஆனால் அந்த உடை இருந்ததால்தான் நம்மால் சுவரைக் கண்டுபிடிக்க முடிந்தது.

இனி அந்தச் சுவரைத் தட்டிப் பாருங்கள். இரண்டு உள்பொருள்கள் பண்பால் வேறுபட்டால், அவற்றுக்குப் பொதுவான பண்பு எதுவும் இருக்க முடியாது என்கிறார் ஸ்பினோசா. லைப்னிட்ஸ் தட்டியதும் சரியாக இந்த இடத்தில்தான். ஒன்றுக்கு இரண்டு பண்புகள், மற்றொன்றுக்கும் இரண்டு, அதில் ஒன்று மட்டும் பொது என்று இருந்தால் என்ன என்று கேட்டார். மூன்றாம் படிக்குப் போய் ஆய்லரின் வட்டங்களை எடுத்து வாருங்கள். முழுக்கத் தள்ளி நிற்கும் இரண்டு வட்டங்கள், அல்லது ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே படிந்த வட்டங்கள், இந்த இரண்டு படங்கள்தான் ஸ்பினோசாவின் நிரூபணத்தில் இருக்கின்றன. பாதி வெட்டிக்கொள்கிற மூன்றாவது படம் அங்கே இல்லை. அதை அவர் ஏன் போட வேண்டியதில்லை என்று ஸ்பினோசா பக்கம் நிற்பவர்கள் சொல்கிற பதில்களும் இருக்கின்றன, அவற்றையும் அம்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் காகிதத்தில் 5-இலிருந்து 14-க்குப் போகிற அம்பின் மேல் இன்னும் ஒரு கேள்விக்குறி இருக்கிறது, பென்சிலில்.